நீலத்திரையில் ஓடிய பெயர்கள்

சரிபண்ணுகிறது என்றுதான் முதலில் நினைத்தார் பலவேசம். நீலத்திரையில் வெள்ளை எழுத்துகள் கீழேயிருந்து வரி வரியாக ஏறி, மேலே போய் மறைந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டிஸ்க் கறுக் கறுக்கென்று எதையோ மென்றது. நல்ல சத்தம்தான். வேலை நடக்கிற சத்தம். மில்லில் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்கச் சத்தத்தை வைத்தே மெஷினின் வயிற்றுக்கோளாறைச் சொன்னவர் அவர். இந்தத் தகரடப்பா எம்மாத்திரம். அடுத்த அறையில் உலகம்மை சாப்பாட்டுக்குப் பின் படுத்திருந்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. அதற்கு எண்ணெய் விடவேண்டும், விடவேண்டும் என்று நினைத்தே ஒரு கோடை போய்விட்டது. அவள் எழுந்திருப்பதற்குள் இது முடிந்துவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு, வா, உன் பூச்சியைப் பாரு என்று சொல்லலாம். அவ்வளவுதான் சொல்ல இருந்தார். வா, பாரு. அதற்கு மேல் பெண்டாட்டியிடம் என்ன பேச இருக்கிறது. தான் எடுத்த படங்களை அவள் இதுவரை கேமராவின் முதுகிலிருக்கும் தீப்பெட்டி அளவுத் திரையில்தான் பார்த்திருக்கிறாள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையை மூக்குக்கு ஒட்ட வைத்துக்கொண்டு. பார்க்கிறபோது வாய் லேசாகத் திறந்திருக்கும். அந்த வாயை மூட ஒரு காலத்தில் எவ்வளவு பேசியிருக்கிறார். புழு பூச்சிக்குப் போட்டோ பிடிக்கிற பொம்பளையை உலகத்திலேயே என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம். சரி, அதெல்லாம் பழசு. கறுக் கறுக். மெல்லட்டும். நன்றாக மென்று முழுங்கட்டும்.

மத்தியானம் ரசத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவள் சொன்னாள். "ஞாயித்துக்கெழமை செண்பகம் வாரா. அவ லேப்டாப்பு கொண்டாந்து அந்த டிஸ்க்க மாட்டிக் காட்டுதாளாம். அதுவரைக்கும் பீரோவ விட்டு எடுக்கக்கூடாதாம்." செண்பகம் அவளுடைய அண்ணன் மகள், திருநெல்வேலியில் காலேஜ் வாத்திச்சி. அத்தை எடுத்த அந்துப்பூச்சிப் படங்களையெல்லாம் வருஷா வருஷம் வாங்கிக்கொண்டு போய் ஒரே டிஸ்கில் சேர்த்து வைத்தவள் அவள்தான். அவளுடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் டிஸ்கை மட்டும் கழற்றி, கடைக்காரன் கையில் கொடுக்க மனசில்லை என்று, பனியன் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அத்தையின் பீரோவில் வைத்துவிட்டுப் போனாள். "காப்பி இன்னும் எடுக்கல அத்தை. இது ஒண்ணுதான் இருக்கு. பெங்களூர்ல ஒரு மேடம் உங்க படம் எல்லாத்தையும் பாக்கணும்கிறாங்க. பத்திரம்." கடைக்காரனை நம்பாமல் இந்த வீட்டை நம்பினாள். அந்த இடத்துக்கு வந்ததும் பலவேசத்தின் நினைப்பு கால் இடறி, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பழைய சிடி கொஞ்சம் இருந்தது. இருந்தது. எல்லாம்தான் டிஸ்கில் ஏறிவிட்டதே என்று அவற்றில் கயிறு கோத்துக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டார், கிளி வராமலிருக்க. கிளி வந்தது. சிடிதான் வெயிலில் தோலுரிந்து போயிற்று. அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எதற்குத்தான் சொன்னாள். "நம்ம கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்தா என்ன," என்று இவர் கேட்டார். "உங்க கம்ப்யூட்டருக்கு அம்புட்டுப் பெருசு புரியாதாம்லா," என்று சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. சோறு போடுகிறவள் சும்மா சிரிக்கிற சிரிப்பு. ஆனால் புரியாதாம். யாருக்குப் புரியாதாம். ரசத்தை அப்படியே தூக்கிக் குடித்துவிட்டு எழுந்தார். "இன்னும் மோரு இருக்கு," என்றாள். "ஒம் மோர நீயே குடி."

செண்பகம் சொன்னது பொய்யில்லை. உலகம்மை படுத்ததும் பீரோவிலிருந்து டிஸ்கை எடுத்து, பெட்டியைத் திறந்து பட்டை ஒயரைச் சொருகியபோது நன்றாகத்தான் பொருந்தியது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் டிஸ்கைப் பார்த்து மிரண்டுபோய் நின்றுவிட்டது. கறுப்புத் திரை. ஒரே ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டார், அதே கோடு. மண்டையில் ஒன்று போட்டார், அதே கோடு. பிறகு டிஸ்கை வெளியே எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார். படம் போட்டிருந்தது. படம் போட்டால் பலவேசத்துக்குப் போதும், பாஷை வேண்டாம். பின்பக்கத்துச் சின்னச் சின்ன ஊசிகளில் எந்த இரண்டின் மேல் ஜம்பரை மாட்டினால் என்ன ஆகும் என்று வரைந்திருந்தான். அரிசி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதுதான் ஜம்பர். அதை ஒரு இடத்தில் மாட்டினால் டிஸ்க் தன் அளவைக் குறைத்துச் சொல்லும். பழைய பெட்டிகளுக்கென்றே வைத்த உபாயம். நான் சின்னவன், பயப்படாதே என்று சொன்னால்தான் கிழட்டுப் பெட்டி உள்ளே விடும். பழைய டிஸ்க் ஒன்றிலிருந்து அதைப் பிடுங்கி, முள் எடுக்கிற குறடால் மாட்டினார். விட்டது. உடனே விட்டது. அப்போது ஏனோ பாபநாசம் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. "இந்த வண்டி எங்க போகுது, போர்டுல என்ன எழுதிருக்கு?" என்று உலகம்மை கேட்பாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்துச் சொல்வார். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், எல்லாவற்றையும் நீட்டி, என்ன போட்டிருக்கான் என்பாள். அவள் இங்கிலீஷில் கதைப்புத்தகமே படிப்பாள் என்பது அவளுடைய அண்ணன் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். அதன் பிறகும் அவள் நீட்டினாள், இவரும் படித்துச் சொன்னார். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவே இல்லை. எதற்கு இப்போது அது. ஜம்பரை மாட்டியதும் பெட்டி டிஸ்கைச் சேர்த்துக்கொண்டது, அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தோம். சேர்த்துக்கொண்டு, நீலத்திரையைக் காட்டி, இந்த டிஸ்கில் ஏதோ முரணாக இருக்கிறது, சோதித்துப் பார்க்கிறேன், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்து என்று சொல்லி எண்ணத் தொடங்கியது. இவர் அழுத்தவில்லை. மில்லில் எந்த மெஷினும் கொஞ்ச நாள் சும்மா கிடந்தால் ஓட்டும் முன் சோதிக்காமல் விட்டதில்லை. சோதிக்கிறேன் என்று மெஷினே சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் ஃபிட்டருக்கு மரியாதை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வரிகள் ஓடின. எல்லா வரிகளும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிந்தன. நடுவில் மட்டும் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. ஒன்றைப் பிடித்து எழுத்துக்கூட்டினார். மூ-க்-கு-த்-தி. மூக்குத்தி. மூக்குத்தியா. அடுத்தது தீஞ்ச தோசை. தீஞ்ச தோசை ரெண்டு, தீஞ்ச தோசை மூணு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். இது அவள் வைத்த பேர். பூச்சிக்கு அவள் பேர் வைத்திருக்கிறாள். மழைக்கு முந்தி. டீச்சர் சேலை. அது எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர், வேதக்கோயிலுக்குப் போகும்போது கட்டுகிற ஓரம் சிவந்த சாம்பல் நிறச் சேலை, அது மாதிரி ஒரு பூச்சி இருந்திருக்கிறது, மொட்டைமாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது, இவர் கீழே நியூஸ் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுக்கு வெள்ளை. நொண்டிக் கழுதை. பேசாதவன். பேசாதவன் யாராக இருக்கும். ஒவ்வொரு பேரும் வந்து, ஒரு நொடி நின்று, மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இத்தனையையும் சரிபண்ணுகிறதே என்று ஒரு சந்தோஷம்கூட. அந்தச் சந்தோஷத்தோடுதான் வரியின் தொடக்கத்துக்குக் கண் போயிற்று. டெலிட்டிங். எல்லா வரியிலும் அதுதான். டெலிட்டிங் மழைக்கு முந்தி. டெலிட்டிங் டீச்சர் சேலை. டெலிட் என்றால் என்னவென்று பலவேசத்துக்குத் தெரியும், செல்போன் வைத்திருக்கிற யாருக்குத்தான் தெரியாது. கழிவை அழிக்கும், குப்பையாக இருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. குப்பைக்கு யார் மூக்குத்தி என்று பேர் வைப்பார்கள் என்று இன்னொரு மனசு கேட்டது. ஏன் அழிக்கிறது. டிஸ்க் தன்னைச் சின்னது என்று சொல்லியிருக்கிறது. பெட்டி நம்பிவிட்டது. அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்காததெல்லாம் இருக்கவே முடியாது, பொய், தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து எறிந்துகொண்டிருக்கிறது. அவனவன் புத்திக்கு எட்டின வரைக்கும்தான் உலகம். கை சுவிட்சுக்குப் போயிற்று. போய், அங்கேயே நின்றது. ஓடுகிற சோதனையை நடுவில் நிறுத்தினால் டிஸ்க் மொத்தமாகப் போகும் என்று யாரோ சொன்ன ஞாபகம். யார் சொன்னது. சொன்னார்களா. நிறுத்தினால் இவர் நிறுத்தியது ஆகும். விட்டால் மெஷின் செய்தது. பேசாதவன் நாலு, பேசாதவன் அஞ்சு. தான் எதற்காக நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. தெரிந்துகொண்டே நின்றார்.

அன்றைக்கும் இப்படித்தான். இல்லை, அன்றைக்குக் கை நிற்கவில்லை, நின்றிருக்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மொட்டைமாடிக் கொடியில் அவருடைய கல்யாண வேட்டியைத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு பல்பை எரியவிட்டு, முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். வெள்ளைத் துணியும் வெளிச்சமும் இருந்தால் மலையடிவாரத்துப் பூச்சி அத்தனையும் இறங்கி வரும். துணி கேட்டபோது பழைய போர்வையைக் காட்டினார், வெள்ளை வேணும் என்றாள், என்னமோ செய் என்றார், எடுத்தது கல்யாண வேட்டி. அக்காளும் அத்தானும் கடையத்திலிருந்து வந்திருந்த சாயங்காலம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். காத்தாட மேலே போகலாம் என்று அத்தான் படியேறினார், ஏறினவர் அங்கேயே நின்று, "என்ன மாப்ள, வேட்டிக்கு வெளக்கு போட்டுப் பூசை நடக்கா? எந்தச் சாமிக்கு?" என்றார். அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். உலகம்மை திரும்பவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தபடி, "அசையாதீக," என்று மட்டும் சொன்னாள். குரல் தணிந்து, ஏதோ தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போவது போல. வேட்டியின் மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. பச்சையா, நீலமா. இன்றைக்கும் இவருக்கு நிறம் பிடிபடவில்லை. கண்ணை மூடினால் நிறம் வந்து நிற்கும், பேர் சொல்வதற்குள் போய்விடும். அசையாதீக என்றாள். என்னையா அசையாதே என்கிறாய், அத்தான் முன்னால். ஒரே எட்டில் போய் வேட்டியைப் பிடித்து இழுத்தார். கொடிக்கயிறு அறுந்தது, பல்பு விழுந்து உடைந்தது, இருட்டில் ஏதோ ஒன்று அவர் கன்னத்தில் தட்டிவிட்டுப் போயிற்று, மெத்தென்று, பொடி மாதிரி. அத்தான்கூட, "சே, விளையாட்டுக்குச் சொன்னேன்யா," என்றார். அவள் கேமராவை இறக்கி மூடியைப் போட்டாள். "போயிட்டு," என்றாள். அடுப்படிக்குப் போய் நாலு பேருக்கும் தோசை சுட்டாள். பொறுமையாக, முறுகலாக, கேட்டுக் கேட்டு. அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்து, அன்றோடு முடித்திருப்பார். அவள் கொடுக்காத அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார் போல. செண்பகத்திடம் போனில் ஒரு தரம் சொன்னாள், இவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது தெரியாமல்: "அந்த ஒண்ணு மட்டும் பெறகு வரவே இல்ல செம்பா. வேற என்னெல்லாமோ வருது."

டெலிட்டிங் என்று வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. கை சுவிட்சின் மேலேயே இருந்தது. அவள் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டார். தானாகவே இப்படி ஆயிட்டு. நான் ஒண்ணும் பண்ணல, சும்மா சொருகினேன். இந்தக் காலத்துச் சாமானே இப்படித்தான். இல்லாவிட்டால் சொல்லவே வேண்டாம். கழற்றி, ஜம்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பனியன் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை செண்பகம் மாட்டிப் பார்த்து, டிஸ்க் போச்சு அத்தை, இதெல்லாம் நடக்கிறதுதான் என்பாள். நடக்கிறதுதான். உலகம்மை தலையை ஆட்டுவாள். முறுகலாகத் தோசை சுடுவாள். அப்போதுதான் அந்தப் பேர் வந்தது. அவருக்கு அவசரத்தில் சரியாகக் கூட்ட வரவில்லை. அ-வு-க. அவுக. அவுக மீசை. அவுக மீசை ஒண்ணு. அவுக மீசை ரெண்டு. யாருடைய மீசை. இந்த வீட்டில் அவுக என்று அவள் சொல்வது ஒரே ஆளைத்தான். சில பூச்சிகளுக்கு நெற்றியில் இறகு மாதிரி, சீப்பு மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கேமராவில் ஒரு தரம் நீட்டிக் காட்டியிருக்கிறாள், பாருங்களேன் பாருங்களேன் என்று. இவர் பார்க்காமலே, ம் என்றார். கை தானாக மீசைக்குப் போயிற்று. கிடா மீசை, நரைத்தும் அடங்காத மீசை. வேட்டியை இழுத்த பிறகு எடுத்த படமா, முந்தியா. எத்தனை அவுக மீசை. பதினொண்ணு, பன்னெண்டு, நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. இத்தனை தரம் அது வந்து உட்கார்ந்திருக்கிறது, இத்தனை தரம் அவள் அதே பேரைச் செண்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், எழுத்தெழுத்தாக, அலுக்காமல். கிண்டலா அது. கிண்டலென்றால் ஒன்றோடு நிறுத்தியிருப்பாள். இதெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது மடையா, என்று யாரோ உள்ளேயிருந்து கத்தினார்கள். பலவேசம் சுவிட்சை அமுக்கவில்லை. குனிந்து சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினார். நீலம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. டிஸ்க் சத்தம் மெல்ல இறங்கி, இறங்கி, நின்றது. ஃபேன் மட்டும் முனகியது.

கையில் பிளக்கோடு நின்றார். வீட்டில் எதுவும் மாறவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் அதே இடத்தில் கிடந்தது. பீரோ சாவி மேஜை மேல்தான் இருந்தது. சாவியை எடுத்தார். வைத்தார். திரும்ப எடுத்தார். சுற்றி வைக்கிற பனியன் துணி எங்கே என்று கண் தேடியதை அவரே பார்த்தார், பார்த்து வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே தேடினார். அது நாற்காலிக்குக் கீழே கிடந்தது. அதைக் குனிந்து எடுக்க முடியாமல், முதுகு பிடித்துக்கொண்டதா வேறு ஏதாவதா தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாதம் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக. எழுப்பிப் பழக்கமில்லை. எப்போதும் அவள்தான் எழுப்புவாள். எப்படி எழுப்புவது என்று தெரியாமல் கட்டில் காலை முழங்காலால் ஒரு இடி இடித்தார்.

"ஏட்டி. எந்திரி."

"என்ன? காப்பிக்கு நேரமாயிட்டா?"

"காப்பியில்ல. அந்த டிஸ்க்க மாட்டினேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை அள்ளி முடியப் போன கை நடுவில் நின்றது. "எதுல?"

"நம்மதுல. அழிஞ்சிட்டு. அழிச்சிட்டேன்."

"பூராவா?"

"தெரியல. ஓடிக்கிட்டே இருந்துச்சு. பிடுங்கிட்டேன். முன்னாலயே பிடுங்கியிருக்கலாம். பாத்துக்கிட்டே நின்னேன்."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தூக்கம் இல்லை.

"எதெது போச்சு?"

சொல்ல வேண்டியிருந்தது. இந்த வாயால் அந்தப் பேர்களை. "மூக்குத்தி," என்றார். "டீச்சர் சேலை. தீஞ்ச தோசை. என்னமோ மழைக்கு முந்தி." நிறுத்தினார். கட்டில் விளிம்பைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார். "மீசை."

"மீசையும் போச்சா," என்றாள் உலகம்மை.

அவ்வளவு மெதுவாக அவள் எதையும் சொல்லி அவர் கேட்டதில்லை. பிறகு கூந்தலை முடிந்தாள், இறுக்கி, இரண்டு சுற்று அதிகமாக. தலையணைக்குக் கீழேயிருந்து செல்போனை எடுத்து, செண்பகத்தின் பேரைத் தொட்டு, அவர் பக்கம் நீட்டினாள்.

"சொல்லுங்க."

"நீ சொல்லேன். எனக்கு இதெல்லாம் பேசத் தெரியாது."

"நீங்கதான் சொல்லணும். எனக்காக இல்ல. அவ எட்டு வருசமா ஒவ்வொண்ணாச் சேத்தா. என்ன மாட்டினீக, எதுல மாட்டினீக, எப்ப நிறுத்துனீகன்னு அவ கேப்பா. ஏதாவது மீட்க முடியும்னா அத வச்சுத்தான் முடியும். ஒளிக்காமச் சொல்லுங்க."

போனைக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. எடுக்கமாட்டாள், வகுப்பில் இருப்பாள், எடுக்காமலே இருக்கட்டும் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க அத்தை."

"நாந்தான். மாமா."

அவர் ஒரு நாளும் அவளுக்குப் போன் செய்ததில்லை. செய்தால் அது எதற்காக இருக்கும் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது குரலிலேயே தெரிந்தது.

"மாமா? அத்தைக்கு என்ன மாமா ஆச்சு? அத்தை நல்லாருக்காங்களா? மாமா?"

அத்தைக்கு ஒண்ணுமில்ல என்று சொல்ல வாயெடுத்தார் பலவேசம். எதிரே கட்டிலில் உட்கார்ந்து, காலியான இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். இவளைப் பார்த்துக்கொண்டே ஒண்ணுமில்ல என்று அவரால் சொல்ல முடியவில்லை.